கேள்வியும் உதவித்தொகையும் – கடிதம்

ஐயா,

அமெரிக்காவில் அரசியல் அறிவியல் முனைவர் படிப்புக்கு இந்த டிசம்பரில் விண்ணப்பிக்கவிருக்கிறேன். நான் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவன். முதலில் இடம் கிடைக்கட்டும், முதலாண்டுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு உதவித்தொகை தேடிக்கொள்ளலாம் என்கிறார்கள் நண்பர்கள். ஒப்பீட்டு அரசியலோ சர்வதேச உறவுகளோ, எந்தப் பிரிவில் நிதி அதிகமோ அதில் சேரவும் தயாராக இருக்கிறேன். ஜிஆர்இ நுழைவுத் தேர்வில் மதிப்பெண் எவ்வளவு வேண்டும்? பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே எழுத வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

ஜிஆர்இ தேர்வைப் பல துறைகள் இப்போது கட்டாயமாக்குவதில்லை. ஒவ்வொரு துறையின் அறிவிப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள். பேராசிரியர்களுக்கு எழுதலாம், தவறில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் முடிவெடுப்பது துறையின் சேர்க்கைக் குழுதான். என்னை உறுத்தியது, எந்தப் பிரிவில் நிதி அதிகமோ அதில் சேரத் தயார் என்ற உங்கள் வரி. சில வாரங்களாக என்னிடம் படிக்க வரும் நோக்க அறிக்கைகளிலும் (எதை ஆராய விரும்புகிறேன், ஏன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தருபவை) இதே குரலைக் கேட்டு மனம் சங்கடப்பட்டிருந்தேன்.

இடம் வேறு, பணம் வேறு என்று நினைப்பதே முதல் தவறு. வலுவான அமெரிக்கத் துறைகள் இடம் அளிக்கும்போதே, பெரும்பாலும் ஐந்தாண்டுக்குக் கட்டண விலக்கையும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையையும் சேர்த்தே அளிக்கின்றன. அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் கற்பித்தல் உதவியாளராகப் பணியாற்ற வேண்டியிருக்கும். தனியாக நிதி விண்ணப்பம் என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. நீங்கள் எழுதும் நோக்க அறிக்கைதான் நிதி விண்ணப்பமும். நிதி இல்லாமல் இடம் மட்டும் வந்தால், உங்களை நம்பிப் பணம் போடத் துறை துணியவில்லை என்றே கொள்ளுங்கள். கடன் வாங்கி அதை ஏற்காதீர்கள். மாணவர் விசாவில் பாடக்காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தரும் பட்டதாரி ஆய்வு உதவித்தொகையோ அந்நாட்டினருக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. பிறகு தேடிக்கொள்ளலாம் என்ற நண்பர்கள், எங்கே தேடுவதென்று சொன்னார்களா?

பிரிட்டனில் முறை வேறு. அங்கே இடம் கிடைத்தும் நிதி கிடைக்காமல் போவது சகஜம். கேம்பிரிட்ஜின் கேட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் போன்ற உதவித்தொகைகள் வெளிநாட்டவருக்கும் கிடைக்கும். ஆனால் அங்கும் முதலில் கேட்பது ஆய்வுத் திட்டத்தைத்தான்.

நான் முதன்முறை விண்ணப்பித்த 11 துறைகளும் என்னை மறுத்தன. அந்த அறிக்கையை என் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பென்சிலும் கையுமாக நிதானமாகப் படித்துவிட்டு, “இரண்டு பக்கத்தில் ‘ஆர்வம்’ ஒன்பது இடத்தில் வருகிறது, கேள்விக்குறி ஓரிடத்திலும் இல்லை” என்றார். எனக்குக் காது சுட்டது. ஒரு மாதம் அவர் என்னை விடவில்லை. ‘ஜனநாயகத்தில் ஆர்வம்’ என்றிருந்தது ‘உள்ளாட்சியில் ஆர்வம்’ என்றாகி, கடைசியில் இப்படி நின்றது: ஒரே சட்டமும் ஒரே ஆளுங்கட்சியும் ஏறத்தாழ ஒரே வருவாயும் உள்ள அடுத்தடுத்த இரண்டு மாவட்டங்களில், ஒன்றில் உள்ளாட்சி மன்றம் மாதந்தோறும் கூடுகிறது, மற்றதில் ஆண்டுக்கு இருமுறைகூடக் கூடுவதில்லை, ஏன்? அதன்பின் எந்தப் பிரிவு என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எந்தத் துறையில் இதற்கு வழிகாட்ட இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், மாதிரிக் கட்டுரையாக எதை அனுப்புவது, பரிந்துரைக் கடிதம் தரும் மூவரிடம் எதைக் குறிப்பிடச் சொல்வது என எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே வந்தன. அடுத்த ஆண்டு இரண்டு துறைகள் முழு நிதியோடு அழைத்தன.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கையில் பணமில்லாத வீட்டுப் பிள்ளை, நிதி இருக்கும் இடத்தில் போய் நிற்கத்தான் நினைக்கும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கோப்புகளைப் புரட்டும் குழுவின் கண்ணில், எதற்கும் தயார் என்பவர் படுவதே இல்லை. உங்களை அறியாமலேயே உங்களை நீங்கள் அழித்துக்கொள்கிறீர்கள், அதனால்தான் கோபப்படுகிறேன்.

நிதியோடு அழைப்பு வந்தால், முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட முறை; அவசரப்படாதீர்கள். அதற்கு முன், எத்தனை துறைகள், எவ்வளவு மதிப்பெண் என்பதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் கேள்வியை மட்டும் இரண்டு வரியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.