கேட்ட குரலும் பேசும் குரலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எட்டு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளாகக் குழந்தை வளர்ப்பு, குடும்ப வாழ்க்கை பற்றிய பாட்காஸ்ட்டுகளை நாள்தோறும் கேட்டு வருகிறேன். காலையில் அலுவலகம் போகும்போது ஒன்று, இரவில் பாத்திரம் துலக்கும்போது ஒன்று. தொடக்கத்தில் அவை எனக்குப் பேருதவியாக இருந்தன. என் தந்தை எப்படிக் கோபப்பட்டாரோ அப்படியேதான் நானும் கோபப்படுகிறேன் என்பதை அவற்றைக் கேட்டே உணர்ந்தேன்.

சென்ற மாதம் ஒரு நாள் மகள் எதற்கோ அழுது, கதவை அறைந்து சாத்தினாள். நான் அருகில் போய் அமர்ந்து, "உனக்குக் கோபம் வந்திருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. கோபம் வருவது தவறில்லை" என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்பா, இது உங்க காதுல பேசுறவங்க சொன்னதா, நீங்க சொல்றதா?" என்று கேட்டாள்.

என் மனைவியின் மனக்குறை வேறு. "நீங்க ஒரு மணி நேரம் கேக்குறீங்க, எனக்கு ஒரு வரிதான் சொல்றீங்க. அந்த ஒரு வரி எப்பவும் நான் செஞ்ச தப்பாவே இருக்கு" என்கிறாள்.

நான் கேட்பதை நிறுத்திவிட வேண்டுமா என்பது முதல் கேள்வி. நானும் ஒரு நண்பரும் தந்தையருக்கென்று ஒரு பாட்காஸ்ட் தொடங்கி, எங்கள் வீடுகளில் நடப்பவற்றை மறைக்காமல் பேசலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். அது சரியா என்பது இரண்டாவது கேள்வி.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் மகளின் கேள்வியை இரண்டு நாட்களாக மனத்தில் வைத்திருந்தேன். நீங்கள் சொன்னது தவறென்று அவள் சொல்லவில்லை. அதைச் சொல்வது யார் என்றுதான் கேட்டாள்.

நீங்கள் சொன்ன வாக்கியத்தில் குறையொன்றும் இல்லை. குழந்தையின் உணர்ச்சிக்குப் பெயரிட்டுச் சொல்வதும், அந்த உணர்ச்சிக்காக அதைக் கண்டிக்காமல் இருப்பதும் நல்ல பழக்கங்களே. ஆனால் அந்த வாக்கியம் வேறொருவரின் நிதானத்தோடும் இழுப்போடும் உங்கள் வாயிலிருந்து வந்திருக்கும். பெரியவர்கள் சொற்களை முதலில் கேட்கிறோம். குழந்தைகள் குரலை முதலில் கேட்கிறார்கள். அந்தோனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, குரலை அடையாளம் காண்பது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதைக் காட்டியது. பிறந்து மூன்று நாட்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் செயற்கைக் காம்பு ஒன்றை வைத்து, அவை உறிஞ்சும் விதத்தைப் பொறுத்துத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும்படி அமைத்தார்கள். குழந்தைகள் உறிஞ்சும் தாளத்தை மாற்றிக்கொண்டு தாயின் குரலையே வரவழைத்துக் கேட்டன. மூன்று நாளிலேயே இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது என்றால், எட்டு வயதுப் பெண்ணிடம் இரவல் குரல் செல்லுபடியாகாததில் வியப்பில்லை.

வலையொலி (நீங்கள் பாட்காஸ்ட் என்று எழுதியதை என் பழக்கப்படி இப்படி எழுதுகிறேன்) மற்ற ஊடகங்களைவிட இந்த விஷயத்தில் வலிமையானது. புத்தகத்தில் ஒரு பத்தியோடு உடன்பாடு இல்லையென்றால் விரலை அங்கேயே வைத்துவிட்டு யோசிக்கிறோம், சண்டை போடுகிறோம், ஓரத்தில் கேள்விக்குறி இடுகிறோம். கை நிறையச் சோப்பு நுரையோடு நிற்கும்போது யாரும் நிறுத்தி வைத்து மறுத்துப் பேசுவதில்லை. பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, நாம் தலையசைத்துக்கொண்டே இருக்கிறோம். போதாக்குறைக்கு, அந்தக் குரல் அறையின் மறுகோடியிலிருந்து வராமல், நெருங்கியவர் மட்டுமே பேசக்கூடிய தொலைவில், காதுக்குள்ளேயே ஒலிக்கிறது. வானொலி, தொலைக்காட்சியில் பேசுபவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் ஒருதலை நட்பைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956இலேயே எழுதினார்கள். பேசுபவர் நம்மை அறியமாட்டார். நமக்கோ அவருடைய இருமல்கூடப் பழகியிருக்கும். இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் இரு வேளை உங்களோடு இருந்தவரை நீங்கள் நம்புவது மனித இயல்பு. அந்த நம்பிக்கை முழுவதும் அவருடைய அறிவுக்குக் கிடைத்ததா, அருகாமைக்குக் கிடைத்ததா என்பதை மட்டும் அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். அதே குரல், அதே கனிவோடு, இடைவேளையில் ஒரு மெத்தையையோ கட்டணப் பயிற்சி வகுப்பையோ பரிந்துரைக்கும்போது இந்தக் கேள்வி எளிதாக விளங்கும்.

கனிந்த குரல் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்பதற்குக் குழந்தை வளர்ப்பு அறிவுரையின் வரலாறு சான்று தராது. கடுமையான குரலுக்கும் அதே நிலைதான். ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928இல், குழந்தைகளைக் கட்டியணைக்கக் கூடாது, மடியில் உட்கார வைக்கக் கூடாது, காலையில் கைகுலுக்கினால் போதும் என்று பெற்றோருக்கு எழுதினார்; அறிவியலின் பெயரால் எழுதினார். 1946இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் அதற்கு நேர் எதிராக, பெற்றோர் தம்மைத் தாமே நம்பலாம் என்று கனிவோடு தொடங்கினார். உலகமே அவரை விரும்பிப் படித்தது. ஆனால் அவருடைய நூலின் 1958ஆம் ஆண்டுப் பதிப்பு, குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது நல்லது என்றது. தூக்கத்தில் குழந்தைகள் திடீரென இறந்துபோவதற்கும் குப்புறப் படுப்பதற்கும் தொடர்பு உண்டென்பது ஆய்வுகளால் உறுதிப்பட்டு, மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும் என்ற பிரசாரங்கள் 1990களின் தொடக்கத்தில் பல நாடுகளில் நடந்தன. அதன்பின் அமெரிக்காவில் அத்தகைய இறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஸ்பாக் தீய எண்ணத்தோடு எதையும் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதானா என்று கணக்கெடுத்துப் பார்க்க நீண்ட காலம் ஆயிற்று என்பதே அதிலுள்ள துயரம்.

ஆகவே கேட்பவற்றை நான் இரண்டாகப் பிரிப்பேன். குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது, மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் என்ன செய்வது போன்றவற்றில் யாருடைய அனுபவமும் கருத்தும் எனக்கு வேண்டாம். இரண்டாவதற்கு விடை, உடனே மருத்துவரிடம் போவது. "நாங்கள் அப்படிச் செய்யவில்லை, ஒன்றும் ஆகவில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் நிகழ்ச்சியை அங்கேயே அணைத்துவிடலாம். மற்றதெல்லாம், அதாவது பிடிவாதம், பொறாமை, உறங்க மறுப்பது, பொய் சொல்வது, உடன்பிறந்தோர் சண்டை, கணவன் மனைவிக்குள் வேலைப் பங்கீடு ஆகிய எல்லாம், அந்தந்த வீட்டின் மனிதர்களைப் பொறுத்தவை. இவற்றில் வலையொலி தரக்கூடிய பெரிய உதவி, பிறர் வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது என்று காதால் கேட்க வைப்பது. அது சிறிய உதவி இல்லை. உங்கள் தந்தையின் கோபத்தை உங்களுக்குள் கண்டுகொண்டீர்களே, அதைச் செய்தது ஏதோ ஓர் உத்தி என்று நான் நினைக்கவில்லை. யாரோ ஒருவர் தன் கதையை நேர்மையாகச் சொல்லியிருப்பார்.

இந்த வேறுபாட்டை நன்கு அறிந்து ஒலிபரப்பியவர் என்று எனக்குத் தோன்றுபவர், குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட். அவர் 1943 முதல் 1962 வரை பிபிசி வானொலியில் பெற்றோருக்காகப் பேசினார். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை என்பதைத் தாய்மாரிடம் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். அவர்கள் இயல்பாகச் செய்துகொண்டிருப்பதன் பொருளை அவர்களுக்கே எடுத்துச் சொல்வதுதான் தன் வேலை என்று கருதினார். 1960இல் அவர் பங்கேற்ற சில நிகழ்ச்சிகளின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. குழந்தைகளிடம் 'கூடாது' என்று சொல்வதைப் பற்றியும், குழந்தை வளர்ப்பில் தங்களுக்கு எரிச்சலூட்டுவது எது என்பதைப் பற்றியும் சில தாய்மார்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு முதலில் ஒலிக்கிறது. வின்னிகாட் அதன் பிறகே பேசுகிறார். தாய்க்கு எரிச்சல் வரும், அலுப்பு வரும், சில நேரம் வெறுப்பே வரும் என்பதை அவர் குற்றமாக்கவில்லை. இன்று வலையொலி என்று நாம் சொல்வதன் நல்ல வடிவம், அந்தச் சொல்லே பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது.

குற்றவுணர்ச்சியைப் பற்றி நீங்கள் நேரடியாக எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுவதிலும் அது இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு புதிய தவறைச் சுட்டிக்காட்டும்போது, ஒருமுறை குரலை உயர்த்தியதே குழந்தையின் வாழ்நாளை வடுப்படுத்திவிடும் என்று தோன்றத் தொடங்குகிறது. கைக்குழந்தைகளும் தாய்மாரும் முகம் பார்த்து விளையாடுவதை நொடி நொடியாகப் படம்பிடித்து ஆராய்ந்த உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக், நலமாக இருக்கும் இணைகள்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்திசைவு இல்லாமலே இருப்பதைக் கண்டார். விலகுகிறார்கள், மீண்டும் சேர்கிறார்கள். அந்த மீள்சேர்க்கையிலிருந்துதான் குழந்தை கற்கிறது என்பது அவர் வந்தடைந்த முடிவு. நீங்கள் கத்திவிட்ட பிறகு திரும்பிப் போகிறீர்களா என்பதைத்தான் உங்கள் மகளும் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று போயிருக்கிறீர்கள்.

உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கனமான பகுதி அதுதான் என்பேன். ஒரு மணி நேரத்தில் பேசியவரின் தயக்கங்கள், விதிவிலக்குகள், அவரே ஒப்புக்கொண்ட தோல்விகள் எல்லாம் இருந்திருக்கும். அவை உங்கள் காதோடு நின்றுவிட்டன. வெளியே வந்தது ஒரு தீர்ப்பு மட்டும். காதில் செருகிக் கேட்கும் கருவியின் தீமை இதுதான்: ஒரே வீட்டில் ஒருவர் மட்டும் மாணவராகி, அன்று மாலையே மற்றவருக்கு ஆசிரியராகிவிடுகிறார். நீங்கள் கேட்பதை நிறுத்த வேண்டாம். தனியாகக் கேட்பதைக் குறையுங்கள். பதினான்கு நிகழ்ச்சிகளுக்குப் பதிலாக வாரத்திற்கு ஒன்று போதும். அதைக் காதுக்கருவி இல்லாமல், குழந்தைகள் உறங்கிய பிறகு, இருவரும் சேர்ந்து கேளுங்கள். எதைக் கேட்பது என்று உங்கள் மனைவி தேர்ந்தெடுக்கட்டும். அவருக்கு விருப்பமில்லை என்றால், கேட்டதிலிருந்து நீங்கள் செய்த தவறு ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அவர் செய்ததைச் சொல்லாதீர்கள். கேட்ட வாக்கியம் எதையும் அன்றைக்கே பயன்படுத்தவும் வேண்டாம். சில நாட்கள் கிடந்தால், ஒன்று மறந்துபோகும். இல்லையென்றால் உங்கள் வீட்டுப் பேச்சு நடைக்கு மாறி வரும். "கோபம் வருவது தவறில்லை" என்பது உங்கள் வாயில் "என்னடா இவ்ளோ கோபம்" என்று ஆகலாம். அவளுக்கு அது போதும்.

இரண்டாவது கேள்விக்கு என் விடை கொஞ்சம் கடுமையாக இருக்கும். காரணம் நானே அதில் தவறியவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வலையொலி உரையாடலில், என் மகன் சிறுவனாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சுவைக்காகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். பத்தொன்பது வயதில் அவன் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தான். நடந்ததை அவன் மறுக்கவில்லை. "அதை நான் யாரிடமும் சொன்னதில்லை அப்பா" என்றான். நிகழ்ச்சியை நடத்தியவரிடம் சொல்லி அந்தப் பகுதியை நீக்கினேன். ஆனால் வலையொலி இயங்கும் முறை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பயனற்றது என்பது தெரியும்: புதிய பகுதி வெளியானதும் கோப்பு நேயர்களின் கருவிகளில் தானாகவே இறங்கிவிடக்கூடும், மூலத்தில் அழிப்பது அங்கே இறங்கிய பிரதியை அழிப்பதில்லை. முன்பெல்லாம் பேச்சு காற்றோடு போகும், ஒரு மணி நேர ஒலியில் ஒருவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்ற ஆறுதலாவது இருந்தது. 2024 மார்ச் முதல் ஆப்பிள் நிறுவனத்தின் செயலியே பல மொழி நிகழ்ச்சிகளுக்கு எழுத்து வடிவத்தைத் தானாக உருவாக்கிக் காட்டுகிறது. எல்லா மொழிகளுக்கும் அது வர நாளாகாது. உங்கள் மகனின் படுக்கை நனைந்த கதை அவனுடைய வகுப்புத் தோழன் தேடினால் கிடைக்கும் வரியாக இருக்கும்.

குழந்தையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்று 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அதை எழுதியவர்கள் தொலைவிலிருக்கும் அதிகாரிகளை மனத்தில் வைத்திருக்கலாம். இப்போது அதைப் படித்தால் எனக்கு என்னைப் போன்ற தந்தையரே நினைவுக்கு வருகிறார்கள். எனவே தொடங்குங்கள், ஆனால் உங்களைப் பற்றிப் பேசுங்கள். கதவு அறைந்து சாத்தப்பட்டபோது உங்களுக்குள் என்ன நடந்தது என்பது உங்கள் கதை; அவள் ஏன் அறைந்தாள் என்பது அவளுடையது. அவளுக்கு எட்டு வயதாகிறது, ஒரு பகுதியை வெளியிடும் முன் அவளிடம் போட்டுக் காட்டி, வேண்டாம் என்றால் வெட்டிவிடலாம். மூன்று வயது மகனிடம் கேட்கவே முடியாது என்பதால், அவன் நிகழ்ச்சியில் வராமலிருப்பதே நல்லது. நேர்மையாகப் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எல்லைக்குள்ளேயே பேசுவதற்கு உங்கள் தந்தையின் கோபமும் உங்கள் கோபமும் தாராளமாக இருக்கின்றன, உங்கள் தந்தை சம்மதித்தால்.

ஒன்றை மட்டும் கடிதத்தில் விட்டுவிட்டீர்கள். மகள் அப்படிக் கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

அன்புடன்.