பீப்பாய்க்கு என்ன வேலை? மரத்தில் முதிர்ந்த பீர்கள்: கேள்வி பதில்

சிகாகோவில் மாதம் ஒரு முறை கூடும் எங்கள் சுவைக்குழு, அடுத்த சந்திப்பில் பீப்பாயில் முதிர்ந்த பீர்களை ஒப்பிடப் போகிறது. அதற்கு முன் கேள்விகளை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் கீழே.

கேள்வி: நான் குழுவுக்குப் புதியவன். பீரைப் பீப்பாயில் ஊற வைத்தால் விஸ்கி மணம் எப்படி வருகிறது, அண்ணா?

அமெரிக்கச் சட்டத்தில் காரணம் இருக்கிறது, தம்பி. பர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் முதிர வைக்க வேண்டும் என்பது 1930-களிலிருந்து அங்கே விதி. ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி பர்பனுக்கு உதவாது. அதனால் கென்டக்கியிலிருந்து ஏராளமான பீப்பாய்கள் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 200 லிட்டர் கொள்ளும். விஸ்கியை வடித்த பிறகும் பலகைக்குள் கொஞ்சம் ஊறி நிற்கும். அதில் ஸ்டவுட் என்ற கறுப்புப் பீரை நிரப்பினால் அந்த விஸ்கி மெல்லப் பீருக்குள் இறங்கும். போதையின் அளவும் சற்று ஏறும்.

இது பாதிக் கதைதான். மீதி மரத்தினுடையது. ஓக்கைச் சூடாக்கும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. வெனிலா மணம் அதுதான். அமெரிக்க ஓக்கில் நிறைய இருக்கும் லாக்டோன் தேங்காய் மணத்தைத் தரும். நாவை இறுக்கிப் பிடிக்கிற டானின் நமக்கு நன்றாகப் பழக்கமான சுவை: கடுக்காய், பாக்கு, இளம் வாழைப்பூ. ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் இதைக் கசப்போடு குழப்பிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நமக்குத் துவர்ப்பு என்ற தனிச் சொல்லே இருக்கிறது. குறிப்பு எழுதும்போது அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

கேள்வி: இதை முதலில் செய்தவர் யார்?

இன்று நாம் குடிக்கும் பர்பன் பீப்பாய் ஸ்டவுட்டுக்கு வழி வகுத்தவர் நம் ஊர்க்காரர்தான். கூஸ் ஐலண்ட் பீர் ஆலையின் கிரெக் ஹால், 1990-களில், ஆலையின் ஆயிரமாவது தொகுதிக்காகக் கெட்டியான ஸ்டவுட் ஒன்றைக் காய்ச்சி, ஜிம் பீம் என்ற பர்பன் நிறுவனத்தின் பீப்பாய்களில் முதிர வைத்தார். அதுதான் பர்பன் கவுன்டி. அந்தப் பீப்பாய்கள் புக்கர் நோ என்ற புகழ்பெற்ற விஸ்கி வல்லுநரிடமிருந்து வந்தவை. மரத்தில் பீர் வைப்பது என்பதோ பல நூற்றாண்டுப் பழக்கம்.

கேள்வி: பர்பன் கவுன்டி, கேபிஎஸ் (கென்டக்கி பிரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட்) இரண்டில் எது மேல்? எங்கள் வீட்டில் இதற்காகச் சண்டையே நடக்கிறது.

இரண்டும் ஒரே கேள்விக்குச் சொன்ன இரண்டு விடைகள். எது மேல் என்று பார்ப்பதைவிட, பீப்பாய்க்கு அவர்கள் என்ன வேலை கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

பர்பன் கவுன்டி முதிரும் கிடங்கில் சிகாகோவின் வெயிலும் பனியும் தெரியும். கோடையில் விரியும் பீர் மரத்துக்குள் தள்ளப்படுகிறது. குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வருகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் மரத்தின் சாரம் ஆழமாக இறங்குகிறது. கருகிய சர்க்கரை, பேரீச்சம்பழம், வெனிலா எல்லாம் தடித்து வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தின் கேபிஎஸ்ஸோ மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸில் நிலத்தடியே, பழைய ஜிப்சம் சுரங்கக் குகைகளில் முதிர்ந்த பீர். அங்கே ஆண்டு முழுதும் ஒரே குளிர்ச்சி. பீருக்கும் மரத்துக்கும் அவ்வளவு தள்ளுமுள்ளு இல்லை. அடிப்படைப் பீரில் காபியும் சாக்லேட்டும் சேர்ந்திருக்கின்றன. மரம் பின்னணியில் நின்று தாங்குகிறது.

ஆகவே புதிதாக வாங்கிய பாட்டில்களை ஒப்பிட்டால் கேபிஎஸ்ஸின் காபி மணம் முன்னே நிற்கும். இரண்டு மூன்று ஆண்டு வைத்துத் திறந்தால் நிலைமை மாறும். காபி மணம் முதலில் தேய்ந்து போகிற ஒன்று. பர்பன் கவுன்டி அந்த வயதில் இன்னும் வட்டமாகி, கூர்மை தணிந்திருக்கும். சண்டை போடுகிறவர்கள் வேறு வேறு வயதுப் பாட்டில்களைக் குடித்துவிட்டுப் பேசுகிறார்களோ என்று முதலில் பாருங்கள். என் விருப்பத்தைக் கேட்டால்: புதிதாகக் கேபிஎஸ், பழையதாகப் பர்பன் கவுன்டி.

கேள்வி: வீட்டில் நான்கு பேர் ஒப்பிட்டுச் சுவைக்க எப்படி ஏற்பாடு செய்வது?

ஆளுக்கு ஒவ்வொரு பீரிலும் 60 மில்லிலிட்டர் போதும். இவற்றில் மதுவின் அளவு பெரும்பாலும் 12 சதவீதத்துக்கு மேல். சில 18-ஐத் தாண்டும். அடி பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். 12 முதல் 14 டிகிரி செல்சியஸில்தான் மணம் எழும். பனிக்கட்டிக் குளிரில் நாக்குக்கு இனிப்பும் சூடும் மட்டுமே தெரியும்.

பாட்டிலை மறைத்து ஊற்றுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லேபிளைப் பார்த்தவுடன் மதிப்பெண் ஏறிவிடுகிறது. கிடைப்பதற்கு அரிய பாட்டில் என்றால் இன்னும் ஏறுகிறது. மூன்று கோப்பைச் சோதனையும் செய்து பாருங்கள்: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த இரண்டு பீர்களின் வேறுபாட்டைப் பற்றி வாதாடுவதில் பொருள் இல்லை. இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் மட்டும். மிளகாய்க் காரம் கூடவே கூடாது. காரமும் மதுவின் எரிச்சலும் ஒன்றையொன்று வளர்த்துவிடும்.

கேள்வி: கான்டில்லோன் வாங்கினேன். பீப்பாயில் மூன்று ஆண்டு இருந்தது என்றார்கள். மர வாசனையே இல்லை, ஒரே புளிப்பு. இரண்டு மதிப்பெண் போட்டேன். தவறா?

உங்கள் நாக்கில் தவறில்லை. ஒப்பீட்டில் தவறு இருக்கிறது. இதைப் படிக்கும் எல்லோரும் இந்தப் பதிலை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கான்டில்லோன் 1900-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தொடங்கிய நிறுவனம். அது காய்ச்சுவது லாம்பிக் என்ற புளிப்புப் பீர். குளிர் மாதங்களில், கொதித்த மால்ட் சாற்றை அகன்று ஆழமில்லாத திறந்த தொட்டியில் இரவு முழுதும் ஆற விடுகிறார்கள். ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாயிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களே வந்து நொதிக்க வைக்கின்றன. அவற்றில் ஒன்றான பிரெட்டனோமைசிஸை 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளௌசன் அடையாளம் கண்டார். ஆங்கிலேயர்களின் பழைய பீரில் கிடைத்ததால் 'பிரிட்டன் பூஞ்சை' என்ற பொருளில் பெயர் வைத்தார். ஈர வைக்கோல், தோல், மாட்டுத் தொழுவம் என்று நாம் சொல்லும் மணம் அதன் வேலை.

இங்கே பீப்பாய்கள் பலமுறை பயன்பட்டவை. மரத்தின் சுவை எப்போதோ கழுவிப் போய்விட்டது. மரம் செய்யும் வேலை இரண்டு: நுண்ணுயிர்களுக்கு வீடாக இருப்பது, துளித்துளியாகக் காற்றை உள்ளே விடுவது. பர்பன் ஸ்டவுட்டில் பீப்பாய் மசாலா. லாம்பிக்கில் அது மண்பானை. பானைத் தயிரில் மண் ருசி போதவில்லை என்று யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

நீங்கள் குடித்தது கியூஸ் என்றால், அது ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு லாம்பிக்குகளைக் கலந்தது. இளையதில் மிஞ்சிய சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையைத் தருகிறது. முதியது ஆழத்தைத் தருகிறது. கலப்பவரின் நாக்குதான் அங்கே கலை. அதை இன்னொரு கியூஸோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுங்கள்.

கேள்வி: போதை கூடினால் தரமும் கூடுமா?

கூடாது. வாயில் கெட்டியாக நிற்காத பீரில் 16 சதவீதம் என்றால் தொண்டை மட்டும் எரியும்.

கேள்வி: எத்தனை ஆண்டு சேமிக்கலாம்?

நல்ல ஸ்டவுட் மூன்று முதல் ஐந்து ஆண்டு தாங்கும். நிற்க வைத்து, இருட்டில், 13 டிகிரி அளவில். நான் ஒரு கோடைக்காலம் முழுதும் ஆறு பாட்டில்களைக் கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்துவிட்டேன். திறந்தபோது நனைந்த அட்டைப்பெட்டி மணமும் சோயா சாஸின் உப்புச் சாயலும்தான் மிஞ்சியிருந்தன. ஆறும் போயிற்று. அதிலிருந்து ஒரே பீரில் மூன்று பாட்டில் வாங்குகிறேன்: ஒன்று இப்போது, ஒன்று அடுத்த ஆண்டு, ஒன்று அதற்கடுத்த ஆண்டு. தேதியிட்ட குறிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் முதிர்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: ஒரு ஸ்டவுட் புளித்திருந்தது. அது லாம்பிக் மாதிரி நல்ல புளிப்பா?

காய்ச்சியவர் எண்ணாமல் வந்த புளிப்பு குறைதான். மரத்தை முழுமையாகக் கிருமி நீக்கம் செய்ய முடியாது. 2015-ஆம் ஆண்டுப் பர்பன் கவுன்டியில் சில தொகுதிகள் லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்றால் கெட்டன. நிறுவனம் அதை வெளிப்படையாக அறிவித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறு ஆண்டிலிருந்து பீரைச் சூடாக்கிக் கிருமி நீக்கத் தொடங்கியது. சிலர் அதனால் உயிர்ப்பு போய்விட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காடி மணம் வந்தால் கீழே கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நம் பக்கம் இப்படி மரத்தில் முதிர வைக்கும் வழக்கம் உண்டா?

இலங்கையில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் முதிர வைக்கிறார்கள். சங்கப் பாடல்களில் மூங்கில் குழாயில் விளைந்த தேறல் (தெளிந்த மது) வருகிறது. பீரில் இல்லை.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். பீர் பிடிக்காது, ஆனால் இளமையில் குடித்த கள்ளைப் பற்றி இன்றும் பேசுவார். ஒரே ஒரு பாட்டில் சொல்லுங்கள்.

ரோடன்பாக் கிராண்ட் குரு. பெல்ஜியத்தின் ரூசெலாரே ஊரில், 294 மாபெரும் ஓக் தொட்டிகள் வரிசையாக நிற்கும் ஆலையில் செய்வது. மூன்றில் இரண்டு பங்கு ஈராண்டு முதிர்ந்த பீர், ஒரு பங்கு இளையது. 6 சதவீதம்தான். புளிப்பும் இனிப்பும் பழச்சாயலுமாக இருக்கும். கள்ளைப் பழகிய நாக்கு அந்தப் புளிப்பைக் கண்டு முகம் சுளிக்காது. குளிர்பெட்டியிலிருந்து பத்து நிமிடம் முன்னதாக எடுத்துவிடுங்கள். லேபிளைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஊற்றிக் கொடுங்கள். அப்பா என்ன சொன்னார் என்று அடுத்த சந்திப்பில் எனக்குச் சொல்ல வேண்டும்.