அம்மாவுக்கு ஒரு மாத்திரை, ஊருக்கு ஒரு மாத்திரை

கேள்வி: சிற்றூர் ஒன்றில் 20 ஆண்டுகளாகக் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர் நான். தினமும் 80 பேரைப் பார்ப்பதால் மருத்துவ இதழ்களைப் படிக்க நேரமில்லை. புதிய மருந்துகளைப் பற்றி மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளான ரெப்கள் சொல்லித்தான் அறிகிறேன். ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக வந்த கூட்டு மாத்திரையைப் பலருக்கும் எழுதுகிறேன். என் அம்மாவுக்கு மட்டும் பழைய அம்லோடிபினே தொடர்கிறது. ரெப்களை இனி உள்ளே விடாதீர்கள் என்கிறாள் என் மனைவி. என்ன செய்வது?

பதில்: மனைவி சொல்வதைப் பிறகு பார்ப்போம். ‘அம்மாவுக்கு மட்டும்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, காலில் வீக்கமில்லை, பிறகு எதற்கு மாற்ற வேண்டும் என்று அம்மா விஷயத்தில் ஒரு நல்ல மருத்துவராக யோசித்திருக்கிறீர்கள். அந்த யோசனை, டோக்கனோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவருடைய அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை? நேரமில்லை என்பது சாக்கு. ஒற்றை மருந்தில் அழுத்தம் அடங்காதவருக்குக் கூட்டு மாத்திரை தேவைதான்; அடங்கியவருக்கும் எழுதினீர்களா என்பதே என் கேள்வி.

2024 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த மருந்து விற்பனை நெறிமுறை, மருத்துவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் பரிசு தரக்கூடாது என்கிறது. கேட்டதை விசாரிக்காமல் சீட்டில் எழுதும் கையை அது பிடித்து நிறுத்தாது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல், வலி மருந்தான நிமெசுலைடு கொடுக்கக்கூடாது என்று 2011இல் தடை வந்தபோது, அந்தச் செய்தியை உங்களிடம் முதலில் சொன்னவர் யார், அந்தச் சிரப்பை விற்க வந்தவரா?

கதவைச் சாத்த வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கும் கனத்த பையோடு உங்கள் வாசலில் நிற்கும் அந்தப் பையனுக்கும் மாத டார்கெட் இருக்கிறது, வீட்டில் ஒரு அம்மாவும் இருப்பார். வாரத்தில் ஒரு நாள் நேரம் ஒதுக்கி, அவர் நீட்டும் வழவழப்பான அட்டையைப் பார்த்துக் கேளுங்கள்: இந்த மருந்தை எதனோடு ஒப்பிட்டார்கள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடா, அம்லோடிபினோடா? எத்தனை பேரிடம், எத்தனை மாதம்? ஒரு மாதத்துக்கு என்ன விலை? பதில் எதுவானாலும் அன்றே எழுதாமல், அரசின் மருந்துக் கையேடான நேஷனல் ஃபார்முலரியை மேசையில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இந்த வாரமே பழைய சீட்டுகளை எடுங்கள். மருந்துக் கடையில் பத்து மாத்திரைக்குப் பதிலாக ஐந்தை வெட்டி வாங்கிப் போகிறவர்களை முதலில் கூப்பிடுங்கள். மாற்றியதற்கு அவர்களிடம் காரணம் சொல்ல முடியவில்லையென்றால், உங்கள் அம்மாவுக்கு எழுதுவதையே அவர்களுக்கும் எழுதுங்கள்.