டிப்ளமோவா, பி.இ.யா?

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். பயோமெடிக்கல் டிப்ளமோவில் சேர்க்கலாமா? பிளஸ் டூ படிக்கவைத்து பி.இ. சேர்ப்பதுதான் நல்லதா?
– வாசகி, ஈரோடு

பதில்: பெயர் ஒன்றுதான், வேலை வேறு. டிப்ளமோ படித்தவரின் இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி; அங்குள்ள கருவிகளைச் சோதிப்பதும் பழுது பார்ப்பதும்தான் வேலை. உதாரணமாக, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை 200 ஜூலில் வைத்து, அதைச் சோதிக்கும் அனலைசரில் பாய்ச்சினால், 170-க்கும் 230-க்கும் இடையே காட்ட வேண்டும். சார்ஜ் ஏறத் தாமதமானால் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். இதயத்தோடு நேரடியாக இணையும் கருவியில், சாதாரண நிலையில் நோயாளிக்குப் போகும் கசிவு மின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது. நள்ளிரவில் வென்டிலேட்டர் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பி.இ. என்றால் சர்க்யூட் வடிவமைப்பு, சிக்னல் பிராசசிங் (ஈ.சி.ஜி. போன்ற மின்குறிகளைக் கணக்கு மூலம் அலசுவது), மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-க்கான ஆவணங்கள். கணக்கு பிடிக்காதவருக்கு இது தண்டனை! பி.இ. முடித்தும் ஆஸ்பத்திரி சர்வீஸ் வேலைக்கே வருபவர்களும் உண்டு.

மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். இரு வழியிலும் பத்தாம் வகுப்புக்குப் பின் ஆறு ஆண்டுகளே. ஆனால் முதலாண்டுக் கணிதம் விடுபடுவதால், லாப்லாஸ், ஃபூரியர் மாற்றங்கள் என்ற கணக்குப் பாடங்களில் பலர் தடுமாறுவார்கள். அந்த முதலாண்டுக் கணிதத்தை விடுமுறையிலேயே படித்துவிடச் சொல்லுங்கள். கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஆசைப்படும் பையன் என்றால் டிப்ளமோவே என் தேர்வு.