நாட்டு மரச்சீனிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் சந்தையில் ‘நாட்டு ரகம்’ என்று மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கிழங்கு) காய்கறிக்கும் கூடுதல் விலை சொல்கிறார்கள். ஒட்டு ரகம் இயற்கையானதல்ல, உடம்புக்கு ஆகாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்த ஒரு சொல்லுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். மரச்சீனியே தென் அமெரிக்கக் கிழங்கு. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள்தான் அதை இங்கே பரப்பினார். மாவாக வேகும் என்று பலரும் தேடி வாங்கும் எம்-4 ரகமும் மலேயாவிலிருந்து வந்ததுதான்.

‘இயற்கை’ என்பதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. கிழங்கை வெட்டினால் அதிலிருந்து சயனைடு பிரியும். கசப்பு ரகங்களில் இது அதிகம். சமையலுக்கென்று தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்களில் குறைவு. மழையில்லாமல் காய்ந்த விளையில் எந்த ரகத்திலும் கூடும்.

ஆகவே ரகத்தின் பெயரைவிடப் பக்குவம்தான் முக்கியம். மேல்தோலோடு தடித்த உள்தோலையும் உரித்துவிடுங்கள், நஞ்சு அதில்தான் கூடுதல். சிறு துண்டாக நறுக்கி, கிழங்குக்கு மேல் நாலு விரல் நிற்கும் அளவு பச்சைத் தண்ணீரில் போட்டு, மூடாமல் வேகவைத்து வடித்துக் கொட்டுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால், லினமாரினை உடைக்கும் நொதி சட்டென்று செயலிழந்து, நஞ்சு கிழங்கிலேயே தங்கும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து அப்படியே மசிப்பது கூடவே கூடாது. தொட்டுக்கொள்ள மீன்கறி வைப்பது நல்ல வழக்கம். மீன் புரதத்திலுள்ள கந்தகம் மிச்ச சயனைடை உடம்பு கழிக்க உதவும். வெந்த பிறகும் கசந்தால் தின்னாதீர்கள்.

வாங்கும்போது ஒரு கிழங்கை ஒடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். நீலக்கறுப்புக் கோடு ஓடினால் பிடுங்கி இரண்டு மூன்று நாளாகிவிட்டது, வேகாது.

சுரைக்காயிலும் இப்படித்தான். நறுக்கியதும் நுனித்துண்டை நாக்கில் வைத்துத் துப்புங்கள். கசந்தால், வீட்டுக் கொடியில் காய்த்ததானாலும், முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

வீரிய ஒட்டு என்பது இரண்டு செடிகளைக் கலப்பது. மரபணு மாற்றம் வேறு. மரபணு மாற்றிய பி.டி. கத்தரி இந்தியாவில் 2010-லேயே நிறுத்திவைக்கப்பட்டது. பூச்சிமருந்துதான் உங்கள் பயம் என்றால் ‘நாட்டு’ என்ற பேச்சு உதவாது, நாட்டுக் கத்தரிக்கும் மருந்தடிப்பார்கள். பொட்டலத்தில், இயற்கை வேளாண் விளைபொருளுக்கான ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ருசிக்காக நாட்டுக் கத்தரி வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்.