எப்போதாவது பாரம் ஏற்றும் பிக்கப்: பட்டை கூட்டலாமா, காற்றுப் பை போடலாமா?

நாமக்கல் பக்கம் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறேன். பிக்கப்பின் பின்பக்கப் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள்தான். அந்த அடுக்கைத்தான் கட்டு என்போம். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, பொலேரோ பிக்கப் வெச்சிருக்கேனுங்க. வாரத்துல ரெண்டு நாள் தேங்காய் லோடு, மத்த நாளெல்லாம் காலி வண்டிதான். லோடு ஏத்துனா பின்னாடி அமுங்குது. ரெண்டு பட்டை கூட்டிடலாமுங்களா? (பொள்ளாச்சி)

அவசரப்படாதீங்க. முதலில் சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, பின்சக்கர நடுவிலிருந்து தொட்டியின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் பட்டை களைத்துவிட்டது, அல்லது எங்கோ ஒன்று முறிந்திருக்கிறது. அதன்மேல் புதுப் பட்டை சொருகிப் பயனில்லை, கட்டு முழுவதையும் மாற்றுங்கள். பழைய பட்டையைச் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். சூடேற்றிப் பதம் பார்க்காமல் அடித்தது வெகு நாள் நிற்காது.

கட்டு நன்றாக இருந்தால் உங்களுக்கு வேண்டியது ஹெல்பர் பட்டை. காலியில் அது சும்மா கிடக்கும். பாரம் வந்து மேல் பட்டைகள் இறங்கி அதைத் தொட்டால்தான் வேலை செய்யும். முழு நீளப் பட்டை இரண்டைக் கூட்டினால் காலியாக ஓடும் நாளெல்லாம் வண்டி குதிக்கும், ஈர ரோட்டு வளைவில் பின்பக்கம் இழுக்கும்.

இன்னொன்று. பட்டையின் எண்ணிக்கையை விடத் தடிமன்தான் விஷயம். 8 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 10 மி.மீ. போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். "சும்மா ரெண்டு மில்லிதானே" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அண்ணே, ஷாக் அப்சார்பரை மட்டும் கனமானதா மாத்துனா அமுங்காதுல்ல? (மதுரை)

அமுங்கும். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடுவதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஆனால் பட்டை விறைப்பைக் கூட்டினால், அதற்கு ஏற்ற ஷாக்கும் வேண்டும்.

சார், என்னுடையது டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப். வருஷத்துல நாலஞ்சு தடவைதான் கனமான சாமான். காற்றுப் பை போடலாமா? (கோவை)

உங்களுக்கு அதுதான் சரி. அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஸ்பிரிங்குக்குத் துணையாக நிற்கும் ரப்பர் பை அது. பாரம் இருக்கும்போது காற்று ஏற்றி, இறக்கியதும் குறைத்துவிடலாம். காலியிலும் 5 பி.எஸ்.ஐ. அளவுக்காவது காற்று இருக்கட்டும், இல்லையென்றால் பை மடிந்து தேய்ந்துவிடும். இடது வலதுக்குத் தனித்தனி குழாய் போடச் சொல்லுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். குழாய் சைலன்சர் பக்கம் போகவே கூடாது. காற்றுப் பார்க்கச் சோம்பல் என்றால் ரப்பர் பஃபர் போடுங்கள். சொகுசு கொஞ்சம் குறையும், கசியாது.

பட்டை கூட்டிய பிறகு பிரேக் பிடித்தால் முன்சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்கிறது. என்ன காரணம்? (திண்டுக்கல்)

இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே சின்னக் கம்பி ஒன்று போகும். அது எல்.எஸ்.பி.வி. வால்வின் கை. பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும், உயர்ந்தால் குறைக்கும். பட்டை கூட்டியதால் உங்கள் வண்டி உயர்ந்து நிற்கிறது. முழு லோடு இருந்தும் வால்வு அதைக் காலி வண்டி என்று நினைக்கிறது.

போன மழைக்காலத்தில் என்னிடம் வந்த வெங்காய வண்டி ஒன்றில், வேறு பட்டறையில் மூன்று பட்டை கூட்டியிருந்தார்கள். அந்தக் கம்பியை யாரும் தொடக்கூட இல்லை, துருவும் சேறும் அப்படியே. முன் பிரேக் பேடு காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது. புது உயரத்துக்கு வால்வைச் சரிசெய்யும் வரை லோடு ஏற்றாதீர்கள்.

அப்போ பட்டை கூட்டினால் ஆர்.சி.யில் இருப்பதைவிட அரை டன் கூடுதலாக ஏற்றலாமா? (சேலம்)

கூடாதுங்க. அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையதுதானே? மோட்டார் வாகனச் சட்டம் 194வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. கூடுதல் சரக்கையும் அங்கேயே இறக்க வேண்டும்.

சென்டர் போல்ட் மூன்றாவது முறையாக முறிந்துவிட்டது அண்ணா. மட்டமான போல்ட்டா? (ஒட்டன்சத்திரம்)

போல்ட்டைத் திட்டாதீர்கள், யு-போல்ட் தளர்ந்திருக்கிறது. சென்டர் போல்ட் பட்டைகளை நடுவில் கோத்து வைப்பதற்குத்தான். பட்டைக் கட்டினை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது யு-போல்ட்தான். அது தளர்ந்தால் மொத்த இழுப்பும் சென்டர் போல்ட் தலையில் விழும். பட்டையைக் கழற்றினால் யு-போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள், ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே பிடி தராது. வண்டி சக்கரத்தில் நிற்கும்போது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வந்து மறுபடி முடுக்கிக்கொள்ளுங்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.