அம்மா இல்லாத வீட்டுக்குள்ள எப்படிப் போறது?

பாலக்கோடு பக்கத்து ஊர்ப் பொண்ணு ஒருத்தங்க, இப்ப ஓசூர்ல வேலை பாக்குறாங்க, கேட்டிருக்காங்க. அம்மா தவறி 4 மாசம் ஆச்சு, வீட்டைக் காலி பண்ண அண்ணன் கூப்பிடுறாரு, ஆனா கதவைத் திறந்தாலே அழுகையோட கோவமும் சேர்ந்து வருதாம், ஏன்னா பத்தாவதோட இவங்களை நிறுத்தி புளி கொட்டை எடுக்க உக்கார வச்சுட்டு அண்ணனை மட்டும் காலேஜ் அனுப்புனது அந்த அம்மாதான். போய் சேர்ந்தவங்க மேல கோவப்படுறது பாவமான்னு கேக்குறாங்க.

பாவம் இல்லம்மா. பாசம் இருந்த எடத்துலதான் இந்தக் கோவமே வரும், ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும், ஒண்ணை அமுக்குனா இன்னொண்ணும் சேர்ந்து மரத்துப் போகும். துக்கத்துக்கு 5 கட்டம்னு வாட்ஸ்அப்ல வருதே, அது எலிசபெத் கூப்ளர் ராஸ்ங்கற மனநல டாக்டர் 1969ல சாகக் கெடந்த நோயாளிங்களைப் பாத்து எழுதுனது, உங்களுக்கு அந்த வரிசையில வரணும்னு இல்ல.

கதவைத் திறந்ததும் புளி வாசம்தான் உங்களை அடிக்குதுன்னு நினைக்கிறேன். வாசனை மூளையில ஞாபகமும் உணர்ச்சியும் இருக்குற எடத்துக்கு குறுக்கு வழியில போயிடும், யோசிக்கறதுக்குள்ள பத்தாவது முடிச்ச அந்தப் புள்ளயா ஆயிடுவீங்க. அதனால மொத நாள் எதையும் எடுக்காதீங்க, சித்தியோ ஃப்ரெண்டோ கூட வர, ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டு பூட்டிட்டு வாங்க. அடுத்த தடவை பத்திரம், பட்டா, பேங்க் புக் மட்டும். சமையக்கட்டு கடைசி. களி கிண்டுன துடுப்புல அம்மா கை பட்டுப் பட்டு வழவழன்னு ஆன எடம் இருக்கும்ல, அதைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டு அப்புறம் தேடி அழுதவங்களை நான் பாத்திருக்கேன்.

அண்ணன்கிட்ட படிப்பு விஷயத்தைப் பேசுங்க, ஆனா சொத்து பேசுற அன்னைக்கு வேண்டாம். அதே வீட்டுல வளர்ந்தாலும் அவருக்கு ஞாபகம் இருக்குற அம்மா வேற. வீடு அம்மா பேர்ல இருந்து உயில் இல்லன்னா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு, அதனால இந்த மனநிலையில உங்க பங்கை விட்டுக்கொடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடாதீங்க, வக்கீல்கிட்ட காட்டிட்டு போடுங்க.

6 மாசம் தாண்டியும் வேலைக்குப் போக முடியல, சாப்பிட முடியலன்னா மனநல டாக்டரைப் பாருங்க. செத்துடலாம்னு தோணுச்சுன்னா 6 மாசமெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.